எங்கே போச்சு அந்த விண்டோ? கணினி பழகுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். மகளிர் சுயஉதவிக் குழுவின் வரவு செலவை இத்தனை வருடமாக நோட்டில் எழுதிவந்தவர், போன வருடம்தான் எக்செல்லுக்கு மாறினார். ஒரு நாள் மதியம் அவரிடமிருந்து போன். "தம்பி, ஒரு மணி நேரமா அடிச்ச கணக்கு எல்லாம் போச்சு. கண்ணு முன்னாடியே மறைஞ்சிடுச்சு. சரின்னு மறுபடியும் முதல்ல இருந்து அடிச்சிட்டிருக்கேன். கொஞ்சம் வந்து பாரேன்." குரல் உடைந்திருந்தது.

போய்ப் பார்த்தேன். திரையின் அடியில் இருந்த எக்செல்லின் பச்சை ஐகான் மேல் மவுஸைக் கொண்டுபோனதும் இரண்டு சின்னப் படங்கள் எழும்பின. ஒன்றில் அவர் புதிதாக அடிக்கத் தொடங்கியிருந்த பதினோரு வரி. இன்னொன்றில் காலையில் அடித்த கணக்கு முழுவதும், சந்தா, கடன், வட்டி என ஒரு பைசா குறையாமல். நடந்தது ஒன்றே ஒன்றுதான். மேலே வலது மூலையில் கழித்தல் குறி போல இருக்கும் பட்டனைக் கை தவறித் தொட்டிருக்கிறார். "எதுவும் போகலக்கா, கீழே இறங்கி உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான்" என்றேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டார்.

கணினி பழக வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி "எங்கே போச்சு?" என்பதுதான். அதனால் இந்த வழிகாட்டியையும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே எழுதுகிறேன். ஒரு விண்டோ ஐந்து நிலைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும்: கண்ணெதிரே இருக்கலாம், இன்னொரு விண்டோவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம், கீழே இறக்கப்பட்டிருக்கலாம், பார்வைக்கு எட்டாத இடத்துக்கு நகர்ந்திருக்கலாம், அல்லது உண்மையிலேயே மூடப்பட்டிருக்கலாம். முதல் நான்கில் உங்கள் வேலை அப்படியே இருக்கிறது. ஐந்தாவதில்கூட, மூடுவதற்கு முன் சேவ் செய்திருந்தால் அது ஃபைலாகப் பத்திரமாக இருக்கும்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

மேசையும் காகிதங்களும்

டெஸ்க்டாப் என்ற சொல்லுக்கே மேசையின் மேல்பரப்பு என்றுதான் பொருள். கணினியைத் திறந்ததும் தெரியும் படம் அந்த மேசை. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும் மேசையில் வைக்கும் ஒரு தாள். அந்தத் தாளுக்குத்தான் விண்டோ என்று பெயர். தமிழில் சாளரம் என்று எழுதுகிறோம், பேச்சில் விண்டோ என்றே சொல்கிறோம்.

1985 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட முதல் விண்டோஸில் ஒரு விண்டோ இன்னொன்றின் மேல் ஏற முடியாது. தரையில் பதித்த ஓடுகள் போல ஒன்றை ஒன்று ஒட்டித்தான் நிற்கும். 1987-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் வசதி வந்தது. இடம் மிச்சமானது, ஆனால் அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போனது. திறந்திருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு நிரந்தர முகவரி தரும் டாஸ்க்பார் விண்டோஸ் 95-உடன் 1995 ஆகஸ்டில் வந்தது. திரையின் அடியில் நீளமாக ஓடும் அந்தப் பட்டைதான் "எங்கே போச்சு" என்ற கேள்விக்கு முதல் பதில். புதிதாகப் பழகுகிறவர் எதைக் கற்றுக்கொள்கிறாரோ இல்லையோ, தேடும்போது கண் முதலில் அங்கே போகும்படி பழக்கிக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்கு இரண்டு விண்டோ

படித்துக்கொண்டே செய்து பார்த்தால்தான் இது கையில் படியும். முக்கியமான ஃபைல் எதையும் தொட வேண்டாம். நோட்பேடும் கால்குலேட்டரும் போதும்.

கீபோர்டில் கீழ் வரிசையில், இடப்பக்கம், நான்கு கட்டம் போட்ட ஒரு கீ இருக்கும். அதுதான் விண்டோஸ் கீ. அதை ஒருமுறை தட்டிவிட்டு, வேறு எங்கும் கிளிக் செய்யாமல், ஆங்கிலத்தில் நோட்பேட் என்று அடியுங்கள். பெயர் மேலே வந்ததும் எண்டர் தட்டுங்கள். ஒரு வெள்ளைத் தாள் திறக்கும். அதே மாதிரி கால்குலேட்டரையும் திறந்துகொள்ளுங்கள். எந்தப் புரோகிராமையும் இப்படித் திறக்கலாம். ஐகானைத் தேடி அலைவதைவிட இது எனக்கு எப்போதும் சுலபமாக இருக்கிறது.

நோட்பேடில் நாலு வரி ஏதாவது அடியுங்கள். அரிசி, துவரம் பருப்பு, புளி, நல்லெண்ணெய் என்று மளிகைப் பட்டியலாக இருந்தாலும் சரி. தமிழ் டைப்பிங் வராவிட்டால் ஆங்கில எழுத்திலேயே அடிக்கலாம்.

மேல் பட்டையும் மூன்று பட்டன்களும்

விண்டோவின் உச்சியில் ஒரு பட்டை இருக்கிறது. டைட்டில் பார் என்பார்கள். திறந்திருப்பது எந்த ஃபைல் என்பது பெரும்பாலும் இங்கேதான் எழுதியிருக்கும். அதன் வலது கோடியில் மூன்று குறிகள்: ஒரு சின்னக் கோடு, ஒரு சதுரம், ஒரு பெருக்கல் குறி. கணினியோடு ஏற்படும் குழப்பங்களில் பாதி இந்த மூன்றையும் சரியாகப் பிரித்து அறியாததால் வருகிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பழகுவோம்.

கோடு என்றால் மினிமைஸ். தாளை மேசையிலிருந்து எடுத்து டிராயரில் வைப்பது போல. நோட்பேடின் கோட்டைக் கிளிக் செய்யுங்கள். தாள் சட்டென்று கீழே இறங்கி மறையும். இப்போது டாஸ்க்பாரில் நோட்பேட் ஐகானைப் பாருங்கள். அதன் அடியில் மெல்லிய ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு இருந்தால் புரோகிராம் உள்ளே உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கோடு இல்லாமல் வெறும் ஐகான் மட்டும் இருந்தால், அது திறக்கப்படாமல் சும்மா காத்திருக்கும் குறுக்குவழி. ஐகானைக் கிளிக் செய்யுங்கள். மளிகைப் பட்டியல் எழுத்து மாறாமல் திரும்பி வரும். இந்த ஒன்றைப் பத்து முறை செய்து பாருங்கள். கையோடு சேர்ந்து மனமும் பழகும்வரை செய்யுங்கள். பயம் விலகுவது இங்கேதான்.

சதுரம் என்றால் மேக்ஸிமைஸ். தாள் திரை முழுவதும் விரியும். விரிந்தபின் அதே இடத்தில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சதுரம் தெரியும். அதைத் தட்டினால் பழைய அளவுக்குத் திரும்பும். டைட்டில் பாரின் காலி இடத்தில் டபுள் கிளிக் செய்தாலும் இதே வேலைதான் நடக்கும். திடீரென்று விண்டோ பெரிதாகிவிட்டது, சின்னதாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் தெரியாமல் அங்கே இரண்டு முறை தட்டியிருப்பார்கள்.

பெருக்கல் குறி க்ளோஸ். மவுஸ் அதன் மேல் போனாலே சிவப்பாக மாறும். அந்தச் சிவப்பை ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தாளை மேசையை விட்டே அப்புறப்படுத்தும் பட்டன் அது. மூடும்போது என்ன நடக்கிறது என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்களுக்கு இந்த மூன்றும் இடது மூலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களாக இருக்கும். அங்கே சிவப்பைத் தட்டினால் பல புரோகிராம்களில் விண்டோ மட்டும் மூடும், புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

நகர்த்துவதும் அளவு மாற்றுவதும்

விண்டோவை நகர்த்த டைட்டில் பாரின் காலி இடத்தில் மவுஸை வைத்து, இடது பட்டனை அழுத்தி, விடாமல் பிடித்தபடி இழுக்க வேண்டும். வேண்டிய இடம் வந்ததும் விரலை எடுங்கள். புதியவர்கள் பாதி வழியில் விரலை எடுத்துவிட்டு "நகர மாட்டேங்குது" என்பார்கள். பிடித்த பிடியை விடாமல் இருப்பதுதான் இதில் முழு வித்தை.

லேப்டாப்பின் டச்பேடில் இது இன்னும் கஷ்டம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, டச்பேடின் இடது கீழ் மூலையை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் தேய்ப்பது. மற்றது, இரண்டு முறை வேகமாகத் தட்டி, இரண்டாவது தட்டில் விரலை எடுக்காமல் அப்படியே இழுப்பது. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். நடுங்கும் கைக்கும் அது ஒத்துவரும். ஆனால் உண்மையைச் சொன்னால், பழகும் முதல் மாதத்துக்கு விலை குறைந்த ஒரு மவுஸ் வாங்கிச் செருகிக்கொள்வதே நல்லது.

அளவை மாற்ற விண்டோவின் ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரம் மிக மெல்லியது. மவுஸை மெதுவாக நகர்த்துங்கள். அம்புக்குறி இரண்டு பக்கமும் முனை உள்ள அம்பாக மாறும் கணத்தில் நிறுத்துங்கள். அப்போது அழுத்தி இழுத்தால் அந்தப் பக்கம் மட்டும் நீளும் அல்லது சுருங்கும். மூலையில் பிடித்தால் அகலமும் உயரமும் சேர்ந்து மாறும். விண்டோ திரை முழுக்க விரிந்திருக்கும்போது ஓரத்தைப் பிடிக்க முடியாது. முதலில் இரட்டைச் சதுரத்தைத் தட்டிச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள்.

எழுத்து எந்தத் தாளில் விழுகிறது?

மேசையில் எத்தனை தாள் இருந்தாலும் பேனா ஒரு நேரத்தில் ஒரு தாளில்தான் எழுதும். கணினியிலும் அப்படியே. இதை ஒரு சோதனையில் பார்த்துவிடலாம். நோட்பேடையும் கால்குலேட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கால்குலேட்டரின் மேல் பட்டையில் ஒரு கிளிக். இப்போது மவுஸை நோட்பேடின் மேல் சும்மா கொண்டுபோய் வைத்துவிட்டு, கீபோர்டில் 4, 5, 6 என்று அடியுங்கள். எண்கள் கால்குலேட்டரில் விழும். மவுஸ் எங்கே நிற்கிறது என்பது கணக்கில்லை, கடைசியாக எங்கே கிளிக் செய்தீர்கள் என்பதுதான் கணக்கு. இப்படிக் கிளிக் செய்யப்பட்ட விண்டோவுக்கு ஆக்டிவ் விண்டோ என்று பெயர். டாஸ்க்பாரில் அதன் ஐகான் மட்டும் சற்று எடுப்பாகத் தெரியும். விண்டோஸ் 11-இல் ஐகானுக்கு அடியில் உள்ள கோடு நீளமாக இருக்கும்.

மவுஸின் நடுச்சக்கரம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. சக்கரத்தை உருட்டினால், மவுஸ் எந்த விண்டோவின் மேல் நிற்கிறதோ அதுதான் மேலும் கீழும் நகரும். இது தெரியாமல், உருட்டியது ஒரு விண்டோவிலும் அடித்தது இன்னொன்றிலும் போய்த் தடுமாறுகிறவர்கள் நிறைய. பாஸ்வேர்ட் அடிக்கும் முன்னால் இதில் குறிப்பாகக் கவனம் வேண்டும். சரியான பெட்டிக்குள் ஒருமுறை கிளிக் செய்து, மினுக்கும் கோடு அங்கே தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். வாட்ஸ்அப் அரட்டையில் போய் விழுந்த பாஸ்வேர்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பின்னால் ஒளிந்ததை முன்னால் அழைப்பது

ஒளிந்திருக்கும் விண்டோவின் ஓரம் கொஞ்சமாவது தெரிந்தால் அதைக் கிளிக் செய்தாலே முன்னால் வந்துவிடும். தெரியாவிட்டால் டாஸ்க்பார் இருக்கிறது. ஒரே புரோகிராமில் இரண்டு மூன்று விண்டோ திறந்திருந்தால் அவை ஒரே ஐகானுக்குள் அடுக்கியிருக்கும். அக்காவின் எக்செல் போல. ஐகான் மேல் மவுஸை நிறுத்தினால் சின்னப் படங்கள் வரும், வேண்டியதைத் தட்டலாம்.

இதைவிட வேகமான வழி ஆல்ட்டும் டேப்பும். ஸ்பேஸ் பாருக்கு இடது பக்கம் இருக்கும் ஆல்ட் கீயை அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே டேப் கீயை ஒருமுறை தட்டுங்கள். திறந்திருக்கும் எல்லா விண்டோவும் வரிசையாகத் தெரியும். ஆல்ட்டை விடாமல் டேப்பைத் தட்டத் தட்ட ஒவ்வொன்றாக நகரும். வேண்டியது வந்ததும் ஆல்ட்டை விடுங்கள். குறுக்குவழிகளில் ஒன்றே ஒன்றைத்தான் மனப்பாடம் செய்வேன் என்று சொல்கிறவருக்கு இதைத்தான் சொல்வேன். கீழே இறக்கி வைத்ததும் இந்த வரிசையில் வரும் என்பதால், தேடுவதற்கு இது சின்ன விளக்கு மாதிரி.

மேசையையே பார்க்க வேண்டுமானால் விண்டோஸ் கீயோடு டி (D) எழுத்து. எல்லாம் இறங்கிவிடும். மறுபடி அதையே தட்டினால் எல்லாம் பழையபடி ஏறிவரும். டாஸ்க்பாரின் வலது கோடியின் கடைசி நுனியில் கிளிக் செய்தாலும் இதுவே நடக்கும். தெரியாமல் அந்த நுனியைத் தொட்டுவிட்டு எல்லாம் போய்விட்டதாகப் பதறுகிறவர்களும் உண்டு. அங்கேயே மறுபடி ஒருமுறை தட்டினால் போதும்.

இரண்டையும் அருகருகே வைப்பது

எனக்கு மிகவும் பிடித்த வசதி இது. ஆன்லைனில் ஒரு விண்ணப்பம் நிரப்புகிறீர்கள். மதிப்பெண் சான்றிதழின் ஸ்கேன் இன்னொரு விண்டோவில் இருக்கிறது. பதிவு எண்ணைப் பார்க்க ஒவ்வொரு முறையும் இங்கும் அங்கும் தாவினால், ஓர் இலக்கம் மாறிப்போக எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டையும் பாதிப் பாதியாக வைத்துவிட்டால், இடப்பக்கம் பார்த்து வலப்பக்கம் அடித்துக்கொண்டே போகலாம்.

விண்ணப்ப விண்டோவைக் கிளிக் செய்துவிட்டு, விண்டோஸ் கீயைப் பிடித்தபடி வலது அம்புக் கீயைத் தட்டுங்கள். அது திரையின் வலது பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். மிச்ச பாதியில் மற்ற விண்டோக்கள் சின்னப் படங்களாக வரிசை கட்டி நிற்கும். சான்றிதழைத் தட்டினால் அது இடது பாதியை நிரப்பிக்கொள்ளும். படங்கள் வராவிட்டால் சான்றிதழ் விண்டோவைக் கிளிக் செய்து விண்டோஸ் கீயோடு இடது அம்பு. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லையைப் பிடித்து இழுத்தால் ஒன்று அகலமாகும்போதே மற்றது ஒடுங்கும்.

மவுஸாலும் செய்யலாம். டைட்டில் பாரைப் பிடித்து, அம்புக்குறியின் நுனி திரையின் பக்கவாட்டு ஓரத்தைத் தொடும்வரை இழுங்கள். மங்கலாக ஒரு பெட்டி தெரியும், அப்போது விடுங்கள். உச்சி ஓரம்வரை கொண்டுபோய் விட்டால் திரை முழுக்க விரியும். நகர்த்தும்போது விண்டோ தானாகப் பெரிதாவதற்கு இதுதான் காரணம். பழையபடி ஆக, டைட்டில் பாரைப் பிடித்து நடுவுக்கு இழுத்தால் போதும். இந்த ஒட்டிக்கொள்ளும் வசதி 2009-இல் வந்த விண்டோஸ் 7-இலேயே இருக்கிறது. விண்டோஸ் 11-இல் சதுரப் பட்டனின் மேல் மவுஸைச் சற்று நிறுத்தினால், திரையை எப்படிப் பங்கிடலாம் என்று கட்டங்களாகப் படம் போட்டே காட்டும்.

மூடுவது

இப்போது சிவப்புப் பட்டனுக்கு வருவோம். மூடும்போது சேவ் செய்யாத வேலை ஏதாவது இருந்தால், வேர்ட், எக்செல் போன்றவை ஒரு சின்னப் பெட்டியைக் காட்டிக் கேட்கும். அதில் மூன்று பதில் இருக்கும். சேவ் என்றால் வைத்துக்கொண்டு மூடு. டோன்ட் சேவ் என்றால் எழுதியதை எறிந்துவிட்டு மூடு. கேன்சல் என்றால் மூடவே வேண்டாம், நான் தொடர்ந்து வேலை செய்கிறேன். எதைத் தட்டுவது என்று தெரியாமல் பதற்றமாக இருந்தால் எப்போதும் கேன்சல். அது எதையும் அழிக்காது. ஆற அமர யோசித்து மறுபடி மூடலாம். டோன்ட் சேவ் ஒன்றுதான் நிஜமாகவே வேலையை இழக்க வைக்கும் பதில். அவசரத்தில் அதைத் தட்டாதீர்கள்.

இந்தச் சின்னப் பெட்டி நிற்கும்வரை பின்னால் இருக்கும் பெரிய விண்டோ எதற்கும் அசையாது. கிளிக் செய்தால் 'டங்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். கணினி கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்க வேண்டாம். முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்கிறது, அவ்வளவுதான். சில நேரம் அந்தப் பெட்டியே வேறு விண்டோவுக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஆல்ட், டேப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

கேட்கும் என்று நம்பி இருப்பதைவிட, வேலை செய்யும்போதே கண்ட்ரோல் கீயோடு எஸ் எழுத்தை அவ்வப்போது தட்டுவது மேல். ஒரு பத்தி முடிந்தால் ஒருமுறை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்முன் ஒருமுறை. நோட்பேடில் சேவ் ஆகாத மாற்றம் இருந்தால் பெயருக்கு அருகே ஒரு நட்சத்திரக் குறியோ புள்ளியோ தெரியும், சேவ் ஆனதும் போய்விடும். விண்டோஸ் 11-இன் புதிய நோட்பேட் பெரும்பாலும் கேட்காமலே மூடிக்கொள்ளும். அடுத்த முறை திறந்தால் எழுதியது அப்படியே இருக்கும். நல்ல வசதிதான், ஆனால் எல்லாப் புரோகிராமும் இப்படி நினைவில் வைத்திருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

கீபோர்டால் மூட ஆல்ட்டோடு எஃப்4. பல லேப்டாப்களில் எஃப் வரிசைக் கீகளுக்கு ஒலி, வெளிச்சம் போன்ற வேறு வேலையும் இருக்கும். அங்கே எஃப்என் என்று எழுதிய கீயையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிவரும்.

டேப் வேறு, விண்டோ வேறு

பிரவுசரில், அதாவது இணையம் பார்க்கும் புரோகிராமில், மேலே காதுகள் போல வரிசையாக நிற்பவை டேப்கள். ஒரே புத்தகத்துக்குள் செருகிய பல பக்கங்கள் மாதிரி. ஒவ்வொரு டேப்பிலும் தனியாக ஒரு சின்னப் பெருக்கல் குறி இருக்கும், அது அந்தப் பக்கத்தை மட்டும் மூடும். மூலையில் இருக்கும் பெரிய பெருக்கல் குறி புத்தகத்தையே மூடும். ஒரு பக்கத்தை மூட நினைத்துப் பத்துப் பக்கத்தையும் மூடிவிட்டால், பிரவுசரை மறுபடி திறந்து கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்தபடி டி (T) எழுத்தைத் தட்டுங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் கடைசியாக மூடியது திரும்ப வரும். ஆனால் பாதி நிரப்பிய படிவத்தில் அடித்தவை திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது.

நிஜமாகவே சிக்கும் நேரங்கள்

மேல் பட்டையே காணோம், மூடும் பட்டனும் இல்லை, டாஸ்க்பாரும் இல்லை. பிரவுசரில் இப்படி ஆனால் எஃப்11 கீயைத் தொட்டிருப்பீர்கள். மறுபடி எஃப்11 தட்டினால் எல்லாம் திரும்பும். வீடியோ திரையை அடைத்திருந்தால் எஸ்கேப் (Esc) கீ.

டாஸ்க்பாரில் ஐகான் இருக்கிறது, அடியில் கோடும் இருக்கிறது, தட்டினால் திரையில் மட்டும் வர மாட்டேன் என்கிறது. புரொஜெக்டரோ இரண்டாவது திரையோ இணைத்துக் கழற்றிய கணினிகளில் இது நடக்கும். விண்டோ அந்தக் கழற்றிய திரை இருந்த இடத்தில் நின்றுகொண்டிருக்கும். ஐகானை ஒருமுறை கிளிக் செய்யுங்கள். ஆல்ட்டைப் பிடித்து ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள், பிறகு எம் எழுத்து, பிறகு ஏதாவது ஓர் அம்புக் கீயை ஒருமுறை. இப்போது எந்தப் பட்டனையும் அழுத்தாமல் மவுஸை அசைத்தால், விண்டோ மவுஸின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரைக்குள் வரும். ஒரு கிளிக் செய்து இறக்கி வையுங்கள். இது வேலை செய்யாவிட்டால் விண்டோஸ் கீயோடு இடது அம்பை இரண்டு மூன்று முறை தட்டிப் பாருங்கள்.

விண்டோ வெளிறிப்போய், டைட்டில் பாரில் நாட் ரெஸ்பாண்டிங் என்று வருகிறதா? புரோகிராம் திணறுகிறது. கண்டபடி கிளிக் செய்யாமல் இரண்டு நிமிடமாவது பொறுங்கள், பல நேரம் தானே தெளியும். தெளியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். சேவ் செய்யாதது போய்விடும் என்பதால் இது கடைசி வழி.

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல நினைப்பது. இணையத்தில் ஏதோ படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள் என்ற அலறல், சில நேரம் பெண் குரலில் பேச்சு. மூட முயன்றால் மூட மாட்டேன் என்கிறது. இது உங்கள் கணினியின் எச்சரிக்கையே அல்ல. ஒரு வெப்சைட் தன் பக்கத்தைத் திரை முழுக்க விரித்து வைத்துப் பயம் காட்டுகிறது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் எண் இருக்காது என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. எஸ்கேப்பைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், அல்லது எஃப்11. முழுத்திரை விலகியதும் டாஸ்க்பார் தெரியும், பிரவுசரை மூடலாம். முடியாவிட்டால் மேலே சொன்ன டாஸ்க் மேனேஜர். அந்த எண்ணை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழைக்காதீர்கள். அழைத்தவர்களிடம் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் புரோகிராமை நிறுவச் சொல்லி, வங்கிக் கணக்கில் கைவைப்பதுதான் அவர்கள் தொழில். வீட்டில் பெரியவர்கள் கணினி பயன்படுத்தினால் இந்த ஒரு பத்தியையாவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கொஞ்சம் பழகியபின்

திறந்திருப்பவை அதிகமாகி மேசை நெரிசலானால், இரண்டாவது மேசை ஒன்றே போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் கீ, கண்ட்ரோல், டி (D) மூன்றையும் சேர்த்துத் தட்டினால் காலியான புதிய டெஸ்க்டாப் வரும். விண்டோஸ் கீ, கண்ட்ரோல், இடது அல்லது வலது அம்பு போட்டு மேசை மாறலாம். முதல் வாரத்தில் இதன் பக்கம் போக வேண்டாம். "எங்கே போச்சு" என்று கேட்க இன்னோர் இடம் சேர்ந்துவிடும்.

அதற்குப் பதில் தினமும் பத்து நிமிடம் இதைச் செய்யுங்கள். நோட்பேட், கால்குலேட்டர், பிரவுசர் மூன்றையும் திறந்து, மூன்றையும் கீழே இறக்குங்கள். டாஸ்க்பார் வழியாகக் கால்குலேட்டரை, ஆல்ட் டேப் வழியாக நோட்பேடை மேலே கொண்டுவாருங்கள். அந்த இரண்டையும் பாதிப் பாதியாக வையுங்கள். ஒன்றில் கணக்குப் போட்டு விடையை மற்றதில் எழுதி, கண்ட்ரோல் எஸ் தட்டுங்கள். பிறகு விண்டோஸ் கீயோடு டி (D) தட்டி எல்லாவற்றையும் மறைத்து, மறுபடி தட்டி வரவழையுங்கள். கடைசியில் மூன்றையும் ஒவ்வொன்றாக மூடுங்கள், மூடும்போது கேள்வி ஏதாவது கேட்டால் படித்துப் பதில் சொல்லுங்கள்.

அக்கா இதை ஒரு வாரம் விடாமல் செய்தார். போன மாதம் குழுவின் கணக்கை அடித்துக்கொண்டிருந்தபோது விண்டோ மறுபடி மறைந்திருக்கிறது. இந்த முறை எனக்குப் போன் வரவில்லை. மாலையில் வாசலில் பார்த்தபோது அவரே சொன்னார்: "கீழே கோடு இருந்துச்சு தம்பி, தட்டினேன், வந்துடுச்சு."